டாக்டர் கொடுக்காத வாக்கு

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். அதற்குப் பிறகு எந்த வேலையிலும் நிலைத்து இருந்ததில்லை. லாரியில் கிளீனர், திருப்பூரில் பனியன் கம்பெனி, கோயம்புத்தூரில் வார்ப்படப் பட்டறை, கேரளாவில் ஹோட்டல், மறுபடியும் மதுரை. கஷ்டம் என்று தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஓர் இடத்தில் சோறு சரியில்லை என்று அடுத்த இடத்துக்குப் போவேன், அங்கே படுக்க இடம் இருக்காது. அவ்வளவுதான். அப்படிச் சுற்றி வந்த நான் அவனியாபுரம் பக்கம் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு வேலைக்குச் சேர்ந்தேன். நோயாளியைத் தள்ளுவண்டியில் ஏற்றி இறக்குவது, மூத்திரப் பை மாற்றுவது, புண்ணுக்குக் கட்டுப் போடும்போது கையையோ காலையோ அசையாமல் பிடித்துக்கொள்வது. முகம் சுளிக்காமல் செய்வேன் என்பதால் என்னை வைத்துக்கொண்டார்கள்.

அந்த வேலையில் எனக்கு ஒரு ருசி கிடைத்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனதும் நோயாளியின் வீட்டார் என் பக்கம் திரும்புவார்கள். "என்ன தம்பி சொல்லிட்டுப் போறாக?" என்று கேட்பார்கள். டாக்டர் சொன்னது அவர்கள் காதிலும்தான் விழுந்திருக்கும். ஆனாலும் என் வாயால் ஒருமுறை கேட்டால்தான் அவர்களுக்கு நிம்மதி. நானும் சொல்வேன். கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் நல்லதாகவே சொல்வேன். என் பேச்சுக்காக நாலு பேர் காத்து நிற்பது எனக்கு அதுவரை நடந்ததில்லை.

எங்கள் டாக்டரம்மா அப்படிச் சொல்கிற ஆளில்லை. வயதில் என்னைவிடச் சின்னவர், அறுவை சிகிச்சை செய்கிறவர். தெரிந்ததைத் தெரியும் என்பார், தெரியாததைத் தெரியாது என்பார். எங்கள் பக்கத்தில் அது எடுபடாது. "நான் இருக்கேன், ஒண்ணும் ஆகாது" என்று டாக்டர் சொன்னாலே பாதி நோய் போனது போல நினைக்கிறவர்கள் நாங்கள். கைராசி பார்த்து டாக்டரைத் தேடுவோம். செல்லூரில் தறி ஓட்டுகிற ஒருவர், வீட்டுக்குப் பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருந்தும், கைராசிக்காக ஊரைக் கடந்து இன்னொரு டாக்டரிடம் போவதாகப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் டாக்டரம்மாவைப் பற்றி வார்டில் பேசிக்கொள்வது வேறு மாதிரி இருக்கும். படிச்ச பிள்ளைதான், ஆனா எதைக் கேட்டாலும் பிடிகொடுத்துப் பேச மாட்டேங்குது என்பார்கள்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. பட்டறையில் வேலை செய்தபோது என் இடது கை மோதிர விரல் நசுங்கியது. முதலாளி கூட்டிப் போன டாக்டர், "ஒண்ணும் ஆகாதுடா, பழையபடி மடக்கலாம்" என்று தோளைத் தட்டினார். விரல் இன்றுவரை மடங்கவில்லை. ஆனால் அந்த டாக்டர் மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை. அந்த நேரத்தில் அந்தச் சொல் எவ்வளவு சுகமாக இருந்தது என்பதுதான் நினைவில் நிற்கிறது. நல்ல டாக்டர் என்றால் அப்படித்தான் பேச வேண்டும் என்று நான் நம்பியிருந்தேன்.

சோழவந்தான் பக்கம் கொடிக்கால் வைத்திருக்கும் ஒருவர் வந்து சேர்ந்தபோது நான் இந்த நம்பிக்கையோடுதான் இருந்தேன். அறுபதைத் தொடும் வயது. நெடுநாளாகச் சர்க்கரை. வெற்றிலைக் கொடிக்காலுக்குள் அவர்கள் செருப்புப் போட்டு நுழைய மாட்டார்கள். அது அவர்களுக்குச் சாமி இருக்கிற இடம். கொடி படர நட்ட அகத்தியின் வெட்டிய கட்டை ஒன்று காலில் குத்தியிருக்கிறது. சர்க்கரையால் பாதம் மரத்துப் போனவருக்கு அது தெரியவில்லை. தெரிந்தபோது பெருவிரல் கறுத்துவிட்டது. மனைவியும், மனைவியின் தம்பியும் கூட வந்திருந்தார்கள். முதல் நாளே நான் அவரை அண்ணே என்றும் அந்த அம்மாவை மதினி என்றும் கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். அவருக்கு நான் தம்பி.

பெருவிரலை எடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். அண்ணன் அதற்குப் பெரிதாக அதிரவில்லை. இதோடு நின்றுவிடுமா என்று மட்டும் கேட்டார். எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், சீழ் எதுவரை போயிருக்கிறது என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். அப்போது அண்ணன் படுத்தபடியே வலது கையை நீட்டி உள்ளங்கையை விரித்தார்.

"ஒரு விரலோட முடிஞ்சிரும்னு இதுல அடிச்சுச் சொல்லுங்க தாயி. நான் பேசாமப் படுத்துக்கிறேன்."

வெற்றிலை வியாபாரத்தில் பேச்சு முடிந்தால் அப்படித்தான் ஒருவர் கையில் ஒருவர் அடித்து முடிப்பார்களாம். அதற்குப் பிறகு சந்தை எப்படிப் போனாலும் பேச்சு மாறாது. டாக்டரம்மா அந்தக் கையைப் பார்த்தார். தன் கையை நீட்டவில்லை.

"அடிச்சா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிரும்ங்கய்யா. யோசிச்சுச் சொல்லுங்க, ரொம்ப நேரம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நீட்டிய கையை மடக்க அண்ணனுக்குச் சிறிது நேரம் ஆனது. மச்சினன் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார். "என்ன அத்தான் இது? அவுகளுக்கே தெரியாதாம். தெரியாதவுக கையில எதுக்குக் காலைக் குடுக்கணும்?" பச்சிலை வைத்துக் கட்டுகிற ஒருவரைப் பற்றிச் சொன்னார். அந்த ஆள் வெட்டவே மாட்டாராம், எல்லாக் காலையும் தேற்றிவிடுவாராம். அண்ணன் எழுந்து உட்கார்ந்து வேட்டியை இழுத்துக் கட்டினார். வண்டிக்குச் சொல்லு மாப்ள என்றார்.

அந்த மாதிரிக் கட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். பச்சிலைக் கட்டோடு வந்து முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் திரும்பிப் போனவர்களைத் தள்ளுவண்டியில் தள்ளியது நான்தான். அதனால் அவரைப் போக விடக் கூடாது என்று நினைத்தேன். அது நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த நல்ல எண்ணத்தோடு அந்தப் பழைய ருசியும் சேர்ந்துகொண்டது. வாசல் வரை போய் டாக்டரிடம் பேசிவிட்டு வந்தவனைப் போலத் திரும்பி வந்தேன்.

"அண்ணே, டாக்டரம்மா வெளிய வச்சு எங்கிட்ட சொல்லிட்டாக. ஒரு விரல்தான். முன்கூட்டியே வாக்குக் குடுக்கக் கூடாதுன்னு ஆபீசுல சொல்லியிருக்காக, அதான் உங்க முன்னாடி சொல்லல."

அண்ணன் என்னையே பார்த்தார். பிறகு கையை நீட்டினார். நான் அடித்தேன். காய்ப்பு ஏறிய அந்த உள்ளங்கையில் என் கை விழுந்த சத்தம் பக்கத்துக் கட்டில் வரை கேட்டது. அப்ப சரி என்றார். மதினி தூக்குச்சட்டியைத் திறந்து சோறு போட்டார். எல்லோரும் சாப்பிட்டார்கள், எனக்கும் ஒரு வாய் கொடுத்தார்கள்.

விரலை எடுத்தார்கள். முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அண்ணன் கலகலப்பாகிவிட்டார். சுற்றியிருக்கிற கட்டில்காரர்களிடமெல்லாம் டாக்டரம்மா கையடித்துக் கொடுத்த வாக்கு இது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடித்தது என் கை என்பதே அவர் பேச்சில் இல்லை. என் கை வழியாக அந்தம்மாதான் அடித்திருக்கிறார் என்பது அவர் கணக்கு. டாக்டரம்மா வந்தால் எழுந்து உட்கார்ந்து கும்பிடுவார். அண்ணன் கொடிக்காலைப் பற்றிச் சொல்வார், டாக்டரம்மா சர்க்கரையைப் பற்றிச் சொல்வார். ஒருநாள் வெளியே வந்ததும் டாக்டரம்மா என்னிடம், "பரவாயில்லண்ணே, நம்மள நம்ப ஆரம்பிச்சுட்டார்" என்றார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. வெட்கமாக இருந்தது என்று இப்போது எழுதினால் அது பொய்.

பிறகு பக்கத்து விரல் நிறம் மாறியது. கட்டைப் பிரித்தபோதே நான் பார்த்துவிட்டேன். டாக்டரம்மா பாதத்தை அழுத்திப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். இன்னும் இரண்டு விரலும் அடியில் கொஞ்சம் சதையும் எடுக்க வேண்டும், இன்றைக்கே செய்தால் நல்லது என்று அண்ணனிடம் நேராகச் சொன்னார்.

அண்ணன் போர்வையைத் தோள் வரை இழுத்துக்கொண்டார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். டாக்டர் போன பிறகு மதினியிடம் சொன்னார்.

"வாக்கு மாறிட்டாக."

அதற்குப் பிறகு ஊசி போட வந்தால் கை கொடுக்கவில்லை. கட்டுப் போட வந்தால் காலைக் கொடுக்கவில்லை. அன்று மாலை டாக்டரம்மா என்னை வராந்தாவில் நிறுத்தினார். அவர் கண் சிவந்திருந்தது. அழுததா, தூக்கம் இல்லாததா என்று எனக்குத் தெரியாது.

"நேத்து வரைக்கும் நல்லாப் பேசுனார். இப்ப என் முகத்தையே பார்க்க மாட்டேங்கிறார். நான் என்ன தப்பாச் சொன்னேன்? உங்களுக்கு ஏதாவது தெரியுமாண்ணே?"

"தெரியல மேடம்" என்றேன்.

வேலை போய்விடும் என்ற பயத்தில் சொன்னேன் என்று யாராவது நினைக்கலாம். வேலை போவது எனக்குப் புதிதில்லை, அதற்கெல்லாம் நான் பயந்ததில்லை. உண்மையைச் சொன்னால் இனிமேல் யாரும் என் பக்கம் திரும்பி, என்ன தம்பி சொன்னாக என்று கேட்க மாட்டார்கள். அந்த ருசியை விட மனம் வரவில்லை. அதற்காக ஒரு மனிதனின் காலைப் பணயம் வைத்து ஒரு நாளைக் கடத்தினேன். அன்று கழிந்து, மறுநாள் காலையும் கழிந்தது. நான் துடைத்த தரையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மத்தியானம் மச்சினன் வேன் கொண்டுவந்துவிட்டார். பச்சிலைக்காரரிடம் பேசி முடித்தாயிற்று. மதினி தட்டு, டம்ளர், போர்வை எல்லாவற்றையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பையை வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, நீ எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி. அந்தம்மா சொன்னதை நீ வந்து சொன்ன, உன் மேல ஒரு குத்தமும் இல்ல. இப்ப நீ சொல்லு. போகவா, இருக்கவா? நீ சொல்றதுதான் எங்களுக்கு."

என்னை அவர் திட்டியிருந்தால் கூட நான் தப்பித்திருப்பேன். நேராக வெளியே வந்து, டாக்டரம்மா நோயாளிகளைப் பார்க்கிற அறைக்குப் போனேன். உள்ளே ஓர் அம்மா பிள்ளையோடு உட்கார்ந்திருந்தார். அவர் போகும் வரை காத்திருந்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். கை நீட்டியது, நான் அடித்தது, உங்கள் பெயரைச் சொல்லி அடித்தது.

டாக்டரம்மா கத்துவார் என்று நினைத்தேன். பேனாவை மூடி வைத்தார்.

"எங்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது? அவர்கிட்ட சொல்லுங்க. வாங்க."

வார்டுக்குள் நான் முன்னால் போனேன், அவர் பின்னால் வந்தார். அண்ணனைத் தூக்கி உட்கார வைத்திருந்தார்கள். சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். நான் அவர் கட்டில் பக்கத்தில் நின்று, டாக்டரம்மா என்னிடம் ஒன்றுமே சொல்லவில்லை, அன்று கையில் அடித்தது நானாகத்தான் என்றேன். 

முதலில் பேசியது மச்சினன்தான். "சபாஷ். மூத்திரப் பை தூக்குற ஆளு ஆபரேசனுக்குச் சத்தியம் பண்ணிருக்காரு. அடுத்த தடவை கத்தியையும் நீயே பிடி தம்பி." பக்கத்துக் கட்டிலில் யாரோ சிரித்தார்கள். மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. டாக்டரம்மாவைப் பார்த்தார்.

"நீங்க சொல்லவே இல்லையா தாயி?"

"இல்லைங்கய்யா. தெரியலைன்னுதான் அன்னைக்குச் சொன்னேன். இப்ப எடுத்த பிறகு இதோட நிக்குமானு கேட்டாலும் தெரியலைன்னுதான் சொல்வேன். ஆனா இப்படியே கிளம்பிப் போனா முழங்கால் வரைக்கும் ஏறிடும். அது எனக்குத் தெரியும்."

அண்ணன் சட்டைப் பொத்தானைப் போடாமலே உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வார்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உங்க காலை நீங்க பார்த்தீங்களா என்று கேட்டார். அண்ணன் பார்த்ததில்லை. கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் நான் அவர் முகத்துக்கு முன்னால் துண்டைப் பிடித்து மறைப்பேன். பார்த்தால் பயப்படுவார் என்பது என் எண்ணம். டாக்டரம்மா கண்ணாடி கொண்டுவரச் சொன்னார். எங்கள் அறையில் சவரத்துக்கு வைத்திருந்த கண்ணாடி ஒன்று இருந்தது. கொண்டுவந்து காலுக்கு அடியில் பிடித்தேன். அவர் கண்ணுக்குப் படும்படி சாய்த்தேன்.

டாக்டரம்மா கட்டைப் பிரித்தார். எது நல்ல சதை, எது செத்த சதை, சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று விரலால் காட்டினார். நேற்று இதுவரைதான் இருந்தது என்று ஓர் இடத்தைத் தொட்டார். இன்று பாதத்தின் முன்பாதி போகும் என்றார். நேற்று என்ற சொல்லை அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அண்ணன் வெகுநேரம் கண்ணாடியைப் பார்த்தார். கொடியில் நோய் விழுந்தால் பார்ப்பாரே, அந்த மாதிரிப் பார்வையாகத்தான் இருந்திருக்கும்.

"அழுகல் வந்தா நாங்களும் நல்ல கொடி வரைக்கும் வெட்டித்தான் விடுவோம்" என்றார். பிறகு மச்சினனிடம், "வேனை அனுப்பிரு மாப்ள" என்றார்.

"யோசிச்சுக்கங்க அத்தான். இவுக வாக்கு ஒண்ணும் குடுக்கல."

"குடுக்கலதான். குடுக்காதவுக எப்பிடிடா மாறுவாக?"

முன்பாதி போனது. குதிகால் நின்றது. கட்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் டாக்டரம்மாவே வந்தார், ஒவ்வொரு முறையும் அண்ணன் கண்ணாடி கேட்டார். பிடித்தது நான்தான். அவர் என்னிடம் பேசாமலில்லை. கொஞ்சம் உயர்த்திப் பிடி தம்பி, வெளிச்சம் விழல என்பார். அவ்வளவுதான் பேசுவார். டாக்டர் போன பிறகு யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதை அண்ணன் டாக்டரம்மாவிடமே கேட்டுவிடுவார்.

கிளம்புகிற அன்று செருப்புப் பேச்சு வந்தது. இனிமேல் வெறுங்காலோடு எங்கும் நடக்கக் கூடாது என்றார் டாக்டரம்மா. கொடிக்காலுக்குள் செருப்பா, அது நடக்காது என்றார் அண்ணன். முன்பு என்றால் நான் நடுவில் புகுந்து, சரி மேடம் போடுவாரு என்று சொல்லியிருப்பேன். வாயை மூடிக்கொண்டு நின்றேன். டாக்டரம்மா கோபப்படவில்லை. ஏன் போட மாட்டீர்கள் என்று கேட்டார். சாமி இருக்கிற இடம், வெளி அழுக்கு உள்ளே வரக் கூடாது என்றார் அண்ணன். அப்படியென்றால் வெளியே ஒருதரம்கூட மிதிக்காத செருப்பு ஒன்றைக் கொடிக்கால் வாசலிலேயே வைத்துக்கொண்டால் சாமி கோவிக்குமா என்று கேட்டார் டாக்டரம்மா. அண்ணன் யோசித்தார். எங்க பங்காளிககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன் தாயி, இப்ப வாக்குக் குடுக்கல என்றார். டாக்டரம்மா சிரித்துவிட்டார். நான் அங்கே பார்த்த நாட்களில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

ஆஸ்பத்திரியில் என்னை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. டாக்டரம்மா மேலே சொல்லவில்லை என்று நினைக்கிறேன். கொஞ்ச நாள் இருந்தேன். நானே நின்றுவிட்டேன். இப்போது சரக்கு ஆட்டோ ஓட்டுகிறேன். சோழவந்தான் பக்கத்திலிருந்து மதுரைக்கு வெற்றிலை ஏற்றுவதும் உண்டு. அந்த வழியை நானாகத் தேடிப் போனேன் என்று சொல்ல மாட்டேன், வந்த சவாரியை விடவில்லை.

முதல் தடவை கொடிக்கால் வாசலில் அண்ணனைப் பார்த்தபோது வண்டியைத் திருப்பிவிடலாமா என்று இருந்தது. அவர் வேலியோரம் உட்கார்ந்து ஒரு செருப்பைக் கழற்றி இன்னொன்றை மாட்டிக்கொண்டிருந்தார். முன்பாதிக்குப் பஞ்சு வைத்துத் தைத்த, வார் வைத்த செருப்பு. அடிப்பாகத்தில் கொடிக்கால் மண்ணைத் தவிர வேறு மண் இல்லை. பங்காளிகள் ஒத்துக்கொள்ளவே இல்லையாம். சூடம் காட்டிவிட்டுப் போட்டுக்கொண்டாராம். வா தம்பி என்று எழுந்தார். எழும்போது உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுத் தானாக நின்றார். மதினி ஒரு கவுளி வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றி என் இருக்கையில் வைத்தார். நான் வெற்றிலை போடுவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் வைக்கிறார், நானும் வாங்கி வருகிறேன். வீட்டில் அது வாடிப் போகிறது.

போன மாதம் ஆஸ்பத்திரியில் காலைக் காட்டுவதற்கு என் வண்டியிலேயே வந்தார்கள். அண்ணனை உள்ளே விட்டுவிட்டு வெளியே நின்றேன். பார்த்து முடித்து வெளியே வந்த டாக்டரம்மா என்னை அடையாளம் கண்டு, எப்படி இருக்கீங்கண்ணே என்று கேட்டார். ரொம்ப நாளாக மனத்தில் கிடந்ததைக் கேட்டேன்.

"மேடம், நான் அன்னைக்கே, நீங்க வராந்தாவுல கேட்டப்பவே சொல்லியிருந்தா, ரெண்டு விரலோட போயிருக்குமா?"

இல்லைண்ணே, எப்படியும் இதுதான் ஆகியிருக்கும் என்று அவர் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தேன். ஆமாம் என்று சொன்னால்கூட வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று இருந்தேன். ஏதாவது ஒன்று. அவர் யோசித்தார். உள்ளே அண்ணன் மதினியிடம் செருப்பை எடுக்கச் சொல்வது கேட்டது.

"தெரியலண்ணே. நின்னிருக்கலாம். நிக்காமலும் போயிருக்கலாம்" என்றார்.

மதினி அண்ணனைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். நான் போய் வண்டியின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.